பஜாரைப் பார்த்து நாலு ஹாரன்

உக்காருங்க சார். அந்த ஸ்டூல் வேண்டாம், அது ஒரு காலு ஆடும். இந்த ஸ்பீக்கர் பாக்ஸ் மேல உக்காருங்க, ஒண்ணும் ஆகாது. ஏ வெள்ளத்தாயி, பள்ளிக்கூடத்துல இருந்து சார் வந்திருக்காக, ஒரு டீ போடு. கடைக்குப் பின்னாடியே வீடு சார், அந்த ஒரு வசதி.

நம்ம கடையைத் தேடி வந்ததுக்குச் சந்தோசம். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சி மீட்டிங், எழவு வீடு, எதுக்குக் கூப்பிட்டாலும் மணி சவுண்ட் சர்வீஸ் வந்து நிக்கும். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மட்டும் வராது. கோவிச்சுக்கிடாதீங்க. கோவில்பட்டியில நம்ம சிநேகிதரு ஒருத்தர் இருக்காரு, நம்பர் தாரேன். நம்மளவிட நல்லாவே மைக் செட்டு போடுவாரு. சுடலைமணி இன்னொருத்தனை இப்படிச் சொல்லி நீங்க வேற எங்கயும் கேக்க முடியாது.

ஏன்னு கேக்குறீங்க. நீங்க ஊருக்குப் புதுசு, அதான் ஹெட்மாஸ்டர் உங்களை அனுப்பியிருக்காரு. பழைய வாத்தியாருக யாரும் வர மாட்டாக. வந்தா அவுக என் மூஞ்சியைப் பாக்கணும், நான் அவுக மூஞ்சியைப் பாக்கணும், ரெண்டு பேருக்கும் சங்கடம். உங்ககிட்ட எனக்கு இன்னும் அந்தச் சங்கடம் இல்ல. எப்படியும் யாராவது ஒருத்தர் உங்க காதுல போடத்தான் போறாக. அதுக்கு நானே சொல்லிட்டேன்னா நான் சொன்ன மாதிரியாவது இருக்கும்.

போன வருசம் ஆண்டு விழாவுல என் மானத்தை நானே நாலு ஹாரன்ல கட்டி ஊருக்கு ஒலிபரப்புனேன் சார். ஹாரன்னா தெரியும்ல, அந்தக் கூம்புக் குழாய். காசுகூட வாங்கல. பள்ளிக்கூடத்துக்கு நம்ம அன்பளிப்புன்னு மைக்குல வேற சொல்லச் சொன்னேன்.

எம்மக ஈஸ்வரி. முழுப் பேரு கார்த்தீஸ்வரி. இப்பப் பத்தாப்பு, அப்ப ஒம்பது. அமைதியான பிள்ளை சார். வீட்டுல இருக்காளா இல்லையான்னே தெரியாது. நான் முன்வாசல்ல நொழைஞ்சா அவ பின்வாசலுக்குப் போயிருவா. ஊரெல்லாம் சத்தம் போடுறவன் வீட்டுல ஒரு சத்தம் கிடையாது பாருன்னு நானே பெருமையாச் சொல்லுவேன். பிள்ளையை அப்படி வளத்திருக்கேன்னுதான் நெனச்சேன். இப்பவும் வளத்தது தப்புன்னு சொல்ல மாட்டேன். என்னமோ, எங்கயோ பிசகிருச்சு.

அந்த வருசம்தான் ரெபேக்கா டீச்சர் இங்கிலீஸ் எடுக்க வந்தாக. இப்ப மாறுதல் வாங்கித் தூத்துக்குடிப் பக்கம் போயிட்டாக. நான் ஒண்ணும் பண்ணல சார், அவுகளாக் கேட்டு வாங்கினதுதான். அதுக்கு முன்னாடியெல்லாம் இங்கிலீஸ்னா மனப்பாடம். கேள்வியும் மனப்பாடம், பதிலும் மனப்பாடம். பரீட்சையில எழுவது மார்க்கு வாங்குற பிள்ளை, பஸ்ஸுல ஒரு வெளியூர்க்காரன் ஏதாவது கேட்டா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும். இந்தம்மா வந்த மொத வாரமே புத்தகத்தை மூடி வைங்கன்னுட்டாக. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு, கதைப் பீரியடு.

மொதல்ல அவுகளே ஒரு கதை சொன்னாகளாம். சின்னதுல அம்மாவோட கம்மலைத் தொலைச்சுட்டு, கோழி முழுங்கிருச்சுன்னு பொய் சொல்லி, வீட்டுல அந்தக் கோழியை அறுத்த கதை. கோழி மாதிரியே கிளாஸ் பூரா நடந்து காட்டுனாகளாம். இங்கிலீஸ்லதான் எல்லாம். பிள்ளைக விழுந்து விழுந்து சிரிச்சிருக்கு. சிரிச்சு முடிச்ச பெறகு, இப்ப இதையே ஆளுக்கு ஒரு வரி சொல்லுங்கன்னுட்டாக. சிரிச்சாச்சு, இனிமே புரியலேன்னு சொல்ல முடியாதுல்ல? அந்த டீச்சர் கெட்டிக்காரி சார், அதுல சந்தேகமே இல்ல.

பெறகு ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளை தன் வீட்டுல நடந்ததை எடுத்துச் சொல்லணும். எழுதி வச்சுப் படிக்கக் கூடாது. வார்த்தை வரலேன்னா கையைக் காட்டு, நான் வார்த்தை தாரேன்னாகளாம். தப்பு விட்டா யாரும் சிரிக்கக் கூடாது. கதையில வர்றது யாருன்னு யாரும் கேக்கக் கூடாது. இந்த ரெண்டுதான் சட்டம். கேட்டப்ப எனக்கும் பிடிச்சுது. கதை சொல்லிச் சொல்லியே பிள்ளைக்கு இங்கிலீஸ் வருதுன்னா யாரு வேண்டாம்பாக? வந்து போற ஆளுககிட்டயெல்லாம் நானே அந்த டீச்சரைப் பத்திப் பெருமை அடிச்சிருக்கேன்.

ஈஸ்வரி மாறிட்டா சார். கொடியில துணி காயப்போடும்போது தானாப் பேசுவா. அடுப்படியில நின்னு அவ அம்மாகிட்ட இங்கிலீஸ்ல என்னமோ சொல்லுவா, பெறகு தமிழ்ல குசுகுசுன்னு சொல்லுவா. வெள்ளத்தாயி அரிசியைப் புடைச்சுக்கிட்டே ம் கொட்டுவா. அஞ்சாப்போட நின்னவ. 'உனக்கு என்ன எழவு புரியுதுன்னு ம் கொட்டுற?'ன்னு நான் கேலி பண்ணுவேன்.

ஆண்டு விழாவுக்கு ஈஸ்வரி கதைக்குத்தான் பேரு குடுத்திருக்காகன்னு தெரிஞ்சதும் எனக்குத் தலைகால் புரியல. பழகுறதுக்கு வீட்டுலயே மைக்கு, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் வச்சுக் குடுத்தேன். இதோ, நீங்க உக்காந்திருக்கீங்கல்ல, அதே பாக்ஸ். நான் சேரைப் போட்டு எதுத்தாப்புல உக்காந்துக்கிடுவேன். அவ சொல்லுவா. 'மைக்கை வாய்கிட்ட வை, ரொம்ப ஒட்டாத, காத்து அடிக்கும்'பேன். 'தலையைக் குனியாத, என்னையப் பாத்துச் சொல்லு'ம்பேன். 'அந்த எடத்துல குரலு உள்ள போகுது பாரு, சத்தமாச் சொல்லு'ம்பேன். அவளும் சொன்னபடியே செஞ்சா. என் கண்ணைப் பாத்து, ஒரு எழுத்து பிசகாம, அவ்வளவு சத்தமாச் சொன்னா. என்னைய நிமுந்து பாக்காத பிள்ளை சார் அது. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

விழா அன்னிக்கு உங்க பள்ளிக்கூட மைதானத்துக்கு ரெண்டு பாக்ஸ் போதும். நான் மாடியில நாலு ஹாரன் கட்டுனேன். நாலும் பஜாரைப் பாத்து. வாகை மரத்து வழியா மாடிக்கு ஏறி நானே கட்டுனேன், ஆளு வச்சுக்கூடக் கட்டல. சுடலைமணி மக இங்கிலீஸ் பேசுறது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கணும். ஈஸ்வரி மேடை ஏறுனதும் நான் சத்தத்தை முழுசா ஏத்தி விட்டேன். வெள்ளத்தாயி முன்வரிசையில ரோஸ் கலர் சேலையில உக்காந்திருந்தா. கதை முடிஞ்சதும் அவதான் மொதல்ல கை தட்டுனா, அடுத்து நான். ஆம்ப்ளிஃபயரை விட்டுட்டு எந்திரிச்சு நின்னு தட்டுனேன். எங்களைப் பாத்துட்டுத் தாய்தகப்பன்மாரு எல்லாரும் தட்டுனாக. மேடையில உக்காந்திருந்த ரெண்டு மூணு பேரு தட்டல. ஹெட்மாஸ்டர் தண்ணி குடிச்சாரு. அவரு தண்ணி குடிக்கிறாருன்னுதான் நெனச்சேன்.

மறுநாள் பஜார்ல நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போனேன். மெடிக்கல் கடை செல்லையா அண்ணாச்சி தினம் வலிய வந்து பேசுறவரு, அன்னிக்கு மாத்திரை அட்டையை எண்ணிக்கிட்டே இருந்தாரு. 'கேட்டுச்சா அண்ணாச்சி?'ன்னேன். 'கேட்டுச்சுப்பா'ன்னாரு. அவ்வளவுதான். பேங்குல கேசியரம்மா என் முகத்தைப் பாக்காம ரூவாயைத் தள்ளி விட்டாக. வயித்தெரிச்சல்னு நெனச்சேன் சார். இவுக பிள்ளைக எல்லாம் பெரிய பெரிய ஸ்கூலுக்கு வேன்ல போகுது, மைக்செட்டுக்காரன் மக பேசிட்டாளேன்னு காந்துதுன்னு நெனச்சேன். வீட்டுல வந்து வெள்ளத்தாயிகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அவளும் லேசாச் சிரிச்சா.

அதோட விட்டேனா? பேசுனதைப் பதிவு பண்ணி வச்சிருந்தேன். போற எடமெல்லாம் போட்டேன். காதுகுத்துல ரெண்டு பாட்டுக்கு நடுவுல போட்டேன். கிரகப்பிரவேசத்துல போட்டேன். ஒரு கோயில் கொடையில சாமியாடி வர்றதுக்கு முன்னாடி போட்டேன், சார், அம்மன் சந்நிதியில. 'இப்போது நமது ஒலிபெருக்கி உரிமையாளரின் அருமைப் புதல்வி ஆங்கிலத்தில் உரையாற்றுவார்'னு நானே அறிவிப்பு குடுத்துட்டுப் போடுவேன். கேக்குறவுக தலையை ஆட்டுவாக. இங்கிலீஸ்ல சாமியைத் திட்டுனாலும் நம்ம ஊர்ல தலையை ஆட்டுவாக.

கழுகுமலைப் பக்கம் ஒரு கல்யாணம். தாலி கட்டியாச்சு, பந்தி நடக்குது, மேடையில மொய் எழுதுறாக. நான் ஈஸ்வரி பேச்சைப் போட்டேன். கொஞ்ச நேரத்துல பொண்ணோட அக்கா வந்து, 'மைக்செட்டுக்காரரே, பொண்ணு உங்களைக் கூப்பிடுது'ன்னாக. ஏதாவது பாட்டு விருப்பம் சொல்லும்னு நெனச்சுக்கிட்டு ஏறிப் போனேன். பெங்களூர்ல வேலை பாக்குற பொண்ணு. கழுத்து நெறைய மாலையோட உக்காந்திருக்கு.

'அண்ணாச்சி, இது யாரு பேசுறது?'ன்னுச்சு.

'எம்மகதாம்மா. ஒம்பதாப்பு.'

'என்ன பேசுறான்னு உங்களுக்குத் தெரியுமா?'

'எனக்கு எங்கம்மா தெரியும்? நல்லாப் பேசுறால்ல?'

'நல்லாப் பேசுறா'ன்னுச்சு. திரும்பி மாப்பிள்ளையைப் பாத்துச்சு. மாப்பிள்ளை தன் கையில இருந்த எலுமிச்சம்பழத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அவருக்கும் புரிஞ்சிருக்கு. அப்புறம் அந்தப் பொண்ணு என்னையக் கிட்ட வரச் சொல்லி, மெதுவா, மொதல்ல கேட்டதையும் சேத்து, பிள்ளை ஹாரன்ல சொல்லச் சொல்ல, அப்படியே தமிழ்ல சொல்லிச்சு.

ஒரு வீட்டுல பெரிய பெரிய பெட்டிக இருக்கு. பெட்டிக்குள்ள பாட்டு இருக்கு. ஊர்ல கல்யாணம்னா பெட்டி வெளிய போய்ப் பாடும். கல்யாணம் இல்லாத நாள்ல சில சமயம் வீட்டுக்குள்ளயே பாடும். அப்பத் தெருவுல உள்ளவுக, செட்டு டெஸ்ட் பண்றாருன்னு சொல்லுவாக. தெருவுக்குப் பாட்டு மட்டும்தான் கேக்கும். பாட்டுக்கு அடியில அம்மா அழுறது எனக்கு மட்டும் கேக்கும். ஒரு நாள் பாட்டு பாடிக்கிட்டு இருக்கும்போது கரண்டு போயிருச்சு. அப்பா கை அப்படியே நின்னுச்சு. அம்மா தன் வாயைத் தானே பொத்திக்கிட்டா. கரண்டு வர்ற வரைக்கும் மூணு பேரும் இருட்டுல சத்தம் இல்லாம இருந்தோம். கரண்டு வந்துரக் கூடாதுன்னு நான் சாமி கும்பிட்டேன்.

இதான் சார் கதை.

மேடையில இருந்து ஆம்ப்ளிஃபயர் வரைக்கும் நடந்தேன் பாருங்க, அந்த நடை எனக்குச் செத்தாலும் மறக்காது. பந்தல் பூராவும் எம்பிள்ளை குரல்தான். சாப்பிடுறவுக எல்லாரும் என்னையே பாக்குற மாதிரி இருந்துச்சு. ஒருத்தரும் பாக்கல, அவுக பாட்டுக்கு ரசத்துக்குக் கையை நீட்டிக்கிட்டு இருந்தாக. அணைச்சேன். அணைச்சதும் பாட்டு ஏன் நின்னுச்சுன்னு ஒரு பெரியவர் கேட்டாரு. பாட்டைப் போட்டேன். வேற என்ன செய்ய? எனக்குத் தெரிஞ்சது அதான்.

அப்பத்தான் ஒவ்வொண்ணா வந்துச்சு. மாத்திரை அட்டை, கேசியரம்மா, ஹெட்மாஸ்டர் குடிச்ச தண்ணி. கிரகப்பிரவேசத்துல ஒரு டாக்டரு இருந்தாரு. கொடையில ரிட்டயர்டு தாசில்தார் இருந்தாரு. நம்ம ஊர்ல இங்கிலீஸ் தெரிஞ்சவுக எத்தனை பேருன்னு அன்னிக்குத்தான் சார் யோசிச்சேன். நெறையப் பேரு இருக்காக. அத்தனை பேரும் எனக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசாம இருந்திருக்காக. தலையை எங்க கொண்டு போய் வைக்கிறதுன்னு தெரியல. வேட்டி அவுந்தது தெரியாம தேர் இழுத்துக்கிட்டுப் போனவன் மாதிரி ஆகிப்போச்சு என் நெலமை.

சார், நீங்க என்னையத் தப்பா நெனச்சிருவீங்க. நான் குடிகாரன் இல்ல. தினமும் அடிக்கிறவன் இல்ல. கை நீண்டது உண்டு, இல்லேன்னு சொல்லல. வேலை சரியா வராது, ஆம்ப்ளிஃபயர் புகைஞ்சிரும், அன்னிக்குப் பாத்து இவ ஏதாவது கேப்பா. எந்த வீட்டுல இல்ல? மத்தவன் தெருவுல இழுத்துப் போட்டு அடிப்பான். நான் வெளிய தெரியாம பாத்துக்கிட்டேன். பொண்டாட்டி மானமும் நம்ம மானம்தான? அதுவும் சினிமாப் பாட்டுப் போட மாட்டேன், பக்திப் பாட்டுத்தான். தெருவுல என்னைய ரொம்பப் பக்தியான ஆளுன்னு சொல்லுவாக. இப்ப உங்ககிட்டச் சொல்லும்போது... ஒரு மாதிரியா இருக்கு. மனசுக்குள்ள இருந்தவரைக்கும் இது இவ்வளவு அசிங்கமாத் தெரியல. வாயால சொன்னா தெரியுது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். 'பாடம் நடத்தச் சொன்னா குடும்ப ரகசியத்தைக் கிண்டுறீங்களா டீச்சர்? கதைன்னு சொல்லிக்கிட்டு எம்பிள்ளையை என் மேலயே ஏவி விட்டீங்களா?'ன்னேன். நல்லாத்தான் ஆரம்பிச்சேன். ரெபேக்கா டீச்சர் எழுந்து நின்னாக, ஆனா குரலை ஏத்தல.

'அண்ணாச்சி, யாரு வீட்டுக் கதைன்னு நான் கேக்கல. கேட்டா அடுத்த வாரம் ஒரு பிள்ளையும் வாயைத் திறக்காது. மேடையில சொல்லலாமா மிஸ்னு ஈஸ்வரிதான் கேட்டா. உங்க அம்மாகிட்டக் கேட்டுட்டு வான்னு அனுப்புனேன். கேட்டுட்டுத்தான் வந்தா.'

'எங்கிட்ட ஏன் கேக்கச் சொல்லல?'ன்னேன். கேட்ட பெறகுதான் எனக்கே ஒறைச்சுது. 'அந்தக் கதையில ஒரு பொய் இருந்தாச் சொல்லுங்க, பிள்ளையைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறேன்'னாக. ஸ்டாஃப் ரூம்ல நாலஞ்சு வாத்தியாருக நோட்டுத் திருத்துற மாதிரி உக்காந்திருந்தாக. நான் செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன். பொய்யாச் சொல்லியிருந்தா நான் யாரு என்னன்னு காமிச்சிருப்பேன் சார். நெசத்துக்கு எதைச் சொல்லிக் கோவப்பட?

வீட்டுக்கு வந்தேன். வெள்ளத்தாயி முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தா. 'உனக்கு முன்னாடியே தெரியுமா?'ன்னேன்.

'தெரியும்.'

'தெரிஞ்சுமா ரோஸ் சேலையைக் கட்டிட்டு வந்து கை தட்டுன?'

'எம்பிள்ளை நல்லாப் பேசுனா. தட்டுனேன்.'

'வீட்டு விசயத்தைத் தமிழ்ல எங்கிட்டச் சொல்லக் கூடாதா ரெண்டு பேரும்? ஊருக்கு இங்கிலீஸ்லதான் சொல்லணுமா?'ன்னேன்.

கீரையை விட்டுட்டு நிமுந்து பாத்தா. 'தமிழ்ல சொன்னா நீங்க பாட்டைப் போட்டுருவீங்க'ன்னா.

சத்தமா எல்லாம் சொல்லல சார். சாதாரணமாச் சொன்னா. அன்னிக்கு என் கையில பிளக்கு வயரு இருந்துச்சு, கடை வழியா வரும்போது எடுத்தது. அதைக் கீழ வைக்கவும் தெரியாம, வச்சிருக்கவும் தெரியாம நின்னேன். ஈஸ்வரி பள்ளிக்கூடம் விட்டு வந்தா. அவகிட்டயும் கேட்டேன். 'ஏம்மா, எம்முன்னாலயே உக்காந்து பழகுனியே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல'ன்னேன். பையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, 'சொல்லிக்கிட்டுத்தானப்பா இருந்தேன்'னா. 'நீங்க சத்தமாச் சொல்லச் சொன்னீங்க.'

அதுக்கு அப்புறம் கை ஓங்கல. சத்தியமா. அதை யாராவது ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லுவாகன்னு பாத்தேன். ஒருத்தரும் சொல்லல. வீட்டுலயும் சொல்லல. நிறுத்துனதுக்குப் பாராட்டு எதிர்பாக்குறேன்னு நீங்க நெனப்பீங்க. நெனைங்க. பதிவையும் அழிச்சுட்டேன். அழிச்சு என்ன, எங்கெங்க போட்டேன்னு எனக்கு மனப்பாடமாத் தெரியுதே. அந்தத் தெருக்கள்ல வேலை வந்தா இப்பவும் போறேன், பொழப்பு இருக்குல்ல, ஆனா ஏணியில ஏறி முதுகைக் காட்டிக்கிட்டே வேலையை முடிச்சுட்டு வந்துருவேன். உங்க பள்ளிக்கூடத்து மாடியில மட்டும் என்னால ஏற முடியாது.

இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. இப்ப அடுப்படியில தினமும் கதைதான். ஈஸ்வரி அவ அம்மாவுக்கு இங்கிலீஸ் சொல்லிக் குடுக்கா. ரெபேக்கா டீச்சர் முறையிலதான், கதை சொல்லிச் சொல்லி. வெள்ளத்தாயி பதிலுக்கு ஒண்ணு சொல்லுவா, தத்தக்கா பித்தக்கான்னு. பால்காரன் கதை, பக்கத்து வீட்டு ஆடு கதை, என்னமோ ஒண்ணு. ரெண்டும் கெக்கெக்கேன்னு சிரிக்கும். வெள்ளத்தாயி அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. நான் உள்ள போனா நிறுத்துவாகன்னு பாத்தேன், நிறுத்தல. அவுக பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்காக. நான் தண்ணி குடிக்க வந்தவன் மாதிரிச் செம்பை எடுத்துக்கிட்டு நிப்பேன். கதையில நான் வாரேனா இல்லையான்னு எனக்குத் தெரியாது. வந்தாலும் பயம், வராட்டியும் ஒரு மாதிரி இருக்கு சார்.

இந்தா, டீ வந்துருச்சு. எடுத்துக்கிடுங்க. சக்கரை பத்தலேன்னாச் சொல்லுங்க.

என்ன வெள்ளத்தாயி, நிக்கிற? சார்கிட்ட என்ன... ஏ, என்னது இது, இங்கிலீஸா?

நல்லாத்தான் பேசுறா, இல்ல? உங்களுக்குப் புரியுதா சார்? நீங்களும் பதில் சொல்றீங்க. தலையை வேற ஆட்டுறீங்க. என்ன சார் சொன்னா? எனக்கும் சொல்லுங்க. 'டாட்டர்'னா மகதான, அது மட்டும்தான் எனக்கு வெளங்குச்சு.

ஆண்டு விழாவுலயா? இவளா?

நீங்க அதை மொதல்லயே சொல்லலயே சார். ஓகோ. போன வருசம் இங்கிலீஸ்ல சொன்னது தாய்தகப்பனுக்குப் புரியலேன்னு கொறை சொன்னாகளா? யாரு சொன்னது? சரி, யாரோ. அதனால இந்த வருசம் பிள்ளை இங்கிலீஸ்ல ஒரு வரி சொல்ல, அம்மா அதையே தமிழ்ல ஒரு வரி சொல்லணும். எல்லாருக்கும் புரியணும். நல்ல யோசனைதான். உங்க யோசனையா? நல்ல யோசனை. இவுக ரெண்டு பேரும் பேரு குடுத்தாச்சா? எப்பக் குடுத்தாக?

வெள்ளத்தாயி, என்ன கதை? ஆட்டுக் கதையா?

இல்ல, சும்மாதான் கேட்டேன். சொல்லணும்னு இல்ல.

பாருங்க சார், அவ பாட்டுக்கு உள்ள போறா. என்னது? உள்ள இருந்து என்னமோ சொல்றா. கேட்டுச்சா உங்களுக்கு? 'சாருக்குச் செட்டு போட்டுக் குடுங்க, நான் பேசணும்'ங்கா. பதினாறு வருசத்துல இவ எங்கிட்ட இது வேணும்னு ஒரு வேலை சொன்னதில்ல சார். சேலை வேணும்னுகூடச் சொன்னதில்ல.

கோவில்பட்டிக்காரர் நம்பரா? வேண்டாம் சார், இருக்கட்டும். அவரு போட்டாலும் பஜாருக்குக் கேக்கத்தான் போகுது. அவரு ஹாரன் கொஞ்சம் இரையும், பொம்பளக் குரல்னா வார்த்தை தெளிவா விழாது. இவ குரல் சின்னக் குரல். அதுக்குத் தக்கன வைக்கணும், பக்கத்துல ஆளு நின்னு கவனிக்கணும். அடுத்தவனுக்கு அது தெரியாது.

நானே போடுறேன். கூட்டத்துல இருந்து யாராவது திரும்பிப் பாத்தாலும் நான் நின்ன எடத்துல நிப்பேன், எங்கயும் போக மாட்டேன். டீ ஆறுது பாருங்க, குடிங்க.

விழா எத்தனை மணிக்கு சார்?